சார்பிலக்கணம்: ஃப்ளாக் அதிகாரம்

பாயிரம்

மென்பொருள் எதுவும் தனித்து நிற்பதில்லை. பிறர் எழுதிய லைப்ரரிகளின் மேல் சாய்ந்துதான் நிற்கிறது. தொழிலில் இருப்போர் இதை டிபென்டென்சி என்பர். இந்நூல் சார்பு என்னும். சார்புகளுள் சில எப்போதும் வேண்டுபவை. சில, பில்ட் செய்பவர் கேட்டால் மட்டும் வருபவை. கேட்பதற்குரிய இடம் கமாண்ட் லைன். கேட்பதற்குரிய கருவி ஃப்ளாக். ஒரே சோர்ஸ் கோடிலிருந்து ஒருவருக்கு மைஎஸ்க்யூஎல்லோடு ஒரு பைனரியும் அடுத்தவருக்கு போஸ்ட்கிரெஸ்ஸோடு வேறொரு பைனரியும் பிறப்பது இந்த ஃப்ளாகால்தான். அதன் வகையும் விரியும் வழுவும் உரைத்தல் இந்நூலின் நோக்கம்.

மேனுவல் இருக்க நூல் எதற்கு என்பார்க்கு விடை: மேனுவலை யாரும் படிப்பதில்லை ஆதலின் என்க. அற்றேல், இதை மட்டும் படிப்பரோ எனின், அதை நூலாசிரியனும் அறிவான்.

சார்பு வளரும் இயல்புடையது. இதற்கு நம் இலக்கணமே சான்று. முதலெழுத்து முப்பது என்பதில் தொல்காப்பியருக்கும் பவணந்தியாருக்கும் பேதமில்லை. சார்பெழுத்தோ தொல்காப்பியத்தில் 3, நன்னூலில் 10, அந்தப் பத்தையும் விரித்தால் நன்னூல் கணக்கிலேயே 369. முதல் அப்படியே இருக்க, சார்பு மட்டும் இப்படிப் பெருகியதை நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்த எவரும் வியப்பின்றி ஏற்பர்.

இசைவியல்

ஒரு ஃப்ளாக் தன் சார்பை எவ்வளவு தூரம் விரும்புகிறது என்பதை வைத்துப் பகுப்பது முதற் பகுப்பு.

வேண்டும் வேண்டா வந்தாற் பார்ப்போம்
என்னும் மூன்றே ஃப்ளாகின் இசைவே.

இதனாற் சொல்லியது யாதோ எனின், ஃப்ளாகின் மனநிலை மூன்று என்பதாம். ‘வேண்டும்’ என்றால் அந்த லைப்ரரி இல்லாத இடத்தில் பில்ட் நின்றுவிட வேண்டும். ‘வேண்டா’ என்றால் அது எதிரே இருந்தாலும் ஏறிட்டுப் பார்க்கக் கூடாது. ‘வந்தாற் பார்ப்போம்’ என்றால் கண்ணில் பட்டால் சேர்த்துக்கொள்ளும். படாவிட்டால் வாய் திறக்காமல் அடுத்த வேலைக்குப் போகும். மெசான் என்னும் பில்ட் கருவி 2018-இல் வந்த 0.47 பதிப்பில் இம்மூன்றுக்கும் எனேபிள்ட், டிஸேபிள்ட், ஆட்டோ என்று பெயரிட்டுத் தனி இனமாகவே வைத்துவிட்டது. அதற்கு முன் இருந்தவர்களும் இம்மூன்றையும் அறிவார்கள். ஆளாளுக்குத் தம் ஸ்கிரிப்டில் தோன்றியபடி எழுதிக்கொண்டார்கள், அவ்வளவே.

லினக்ஸ் கெர்னலின் கன்ஃபிகரேஷனில் வரும் ஒய், எம், என் ஆகிய மூன்றும் இவைதாமோ எனின், அல்ல. அங்கே எம் என்பது மாட்யூல்: வேண்டும், ஆனால் உள்ளே கட்டிவிடாமல் தனியே வை, தேவைப்பட்டபோது ஏற்றிக்கொள்ளலாம் என்பது. எண்ணிக்கை ஒத்தமையால் இனமும் ஒக்கும் என்பது பொருந்தாது.

மூன்றனுள் முதலிரண்டும் குற்றமற்றவை. மூன்றாவதைப் பற்றித்தான் பேச்சு நீளும்.

1991-இல் டேவிட் மெக்கென்ஸி ஆட்டோகான்ஃபைத் தொடங்கியபோது ஒவ்வொரு கம்பெனியின் யூனிக்ஸும் ஒவ்வொரு விதமாக இருந்தது. யாருடைய இயந்திரத்தில் எது இருக்கும் என்று எழுதுபவருக்குத் தெரியாது. போகிற இடத்தில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார், இருப்பதற்கேற்ப நடந்துகொள் என்பதே அன்றைக்கு நல்ல ஒழுக்கம். ./கன்ஃபிகர் என்று அடித்தால் ‘செக்கிங் ஃபார்’ என்று தொடங்கும் வரிகள் திரையில் மழைபோல் இறங்கும். ஒவ்வொரு வரியின் இறுதியிலும் யெஸ் அல்லது நோ. ஓடுகிற அந்த நூற்றுக்கணக்கான வரிகளில் எங்கோ ஒரு நோ, உங்கள் மென்பொருளின் ஓர் அங்கத்தை வெட்டிவிட்டுப் போயிருக்கும். பார்த்திருக்கமாட்டீர்கள். அந்த நேரத்தில் டீ குடிக்கப் போயிருப்பீர்கள்.

விளைவைப் பாருங்கள். படங்களைக் கையாளும் ஒரு புரோகிராம். எழுதியவரின் லேப்டாப்பில் வெப்பி லைப்ரரி எதற்காகவோ ஏற்கெனவே இருந்தது. ஆட்டோ அதைக் கண்டு சேர்த்துக்கொண்டது. சர்வரில் அது இல்லை. ஆட்டோ அமைதியாக விட்டுவிட்டது. இரண்டு இடத்திலும் பில்ட் வெற்றி. இரண்டு இடத்திலும் பச்சை விளக்கு. சர்வரில் மட்டும் வெப்பி படம் திறக்கவில்லை. “என் மெஷினில் ஓடுகிறதே” என்னும் தொன்மையான வழக்கின் வேர்களுள் ஒன்று இங்கே இருக்கிறது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு விளைவுண்டு. எல்லாவற்றையும் சோர்ஸிலிருந்தே பில்ட் செய்யும் ஜென்டூ லினக்ஸ்காரர்கள் இதை நன்கு அறிவர்; ‘ஆட்டோமேஜிக்’ டிபென்டென்சி என்று பெயரே வைத்திருக்கிறார்கள். நாம் மாயச் சார்பு என்போம். கன்ஃபிகர் தானாகக் கண்டு சேர்த்த லைப்ரரி, பேக்கேஜ் மேனேஜரின் கணக்கில் ஏறவில்லை. ஆகவே சில மாதம் கழித்து, இதை யாரும் பயன்படுத்தவில்லையே என்று பேக்கேஜ் மேனேஜர் அந்த லைப்ரரியைத் துடைத்து எறிகிறது. அடுத்த முறை புரோகிராமைத் திறந்தால் அது திறக்காது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டார்.

தெரிந்தவர்கள் ஆட்டோவின் வாயைக் கட்ட வழி வைத்திருக்கிறார்கள். மெசானில் ஆட்டோ ஃபீச்சர்ஸ் என்னும் ஒரே ஆப்ஷனால் எல்லா ஆட்டோக்களையும் ஒட்டுமொத்தமாக ‘வேண்டும்’ என்றோ ‘வேண்டா’ என்றோ மாற்றிவிடலாம். எஃப்எஃப்எம்பெக்கில் --டிஸேபிள்-ஆட்டோடிடெக்ட் உண்டு. சிமேக்கில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் தனித்தனியே தேடாதே என்று ஆணையிடலாம். ஆட்டோவை ஒடுக்குவதற்கென்றே இத்தனை ஃப்ளாகுகள் பிறந்திருப்பது அதன் குணத்துக்குப் போதிய சான்று.

தலையாய எடுத்துக்காட்டு கர்ல். ஒருகாலத்தில் ஒன்றும் சொல்லாவிட்டால் ஓப்பன்எஸ்எஸ்எல்லைத் தேடி எடுத்துக்கொள்ளும். 2021 மே மாதம் வந்த 7.77.0 பதிப்பிலிருந்து அந்தப் பழக்கத்தை விட்டது. இப்போது வெறும் ./கன்ஃபிகர் என்று அடித்தால் வேலை நடக்காது. டிஎல்எஸ் லைப்ரரி எதுவென்று நீயே சொல், வேண்டாமென்றால் --விதவுட்-எஸ்எஸ்எல் என்று அதையும் உன் வாயாலேயே சொல் என்று எரர் காட்டி நிற்கும். ஓப்பன்எஸ்எஸ்எல், க்னூடிஎல்எஸ், உல்ஃப்எஸ்எஸ்எல், எம்பெட்டிஎல்எஸ் எனப் பல இருக்க, பாதுகாப்பு சம்பந்தப்பட்ட ஒன்றை நானாக ஊகிப்பது முறையன்று என்பது அதன் கொள்கை. நூலாசிரியன் அறிந்தவரை, பயனாளரை எரிச்சலூட்டி நன்மை செய்த கன்ஃபிகர் ஸ்கிரிப்டுகளில் இதற்கே முதலிடம்.

எண்ணியல்

ஒரு ஃப்ளாக் தனியே நிற்காமல் கூட்டமாக வரும்போது எத்தனையைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது அடுத்த பகுப்பு. இதை ஃப்ரீபிஎஸ்டி போர்ட்ஸ்காரர்கள் நமக்கு வேலை வைக்காமல் முடித்துவிட்டார்கள். ஒன்றே ஒன்று கட்டாயம்: சிங்கிள். ஒன்று அல்லது ஒன்றுமில்லை: ரேடியோ. குறைந்தது ஒன்று: மல்டி. எத்தனையும் ஆகலாம், ஒன்றுமில்லாமலும் இருக்கலாம்: குரூப். ஜென்டூவின் விதிகளிலும் முதல் மூன்றுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. மெசானின் மூன்றும் இந்த நான்கும் ஒன்றையொன்று வெட்டுவன அல்ல. அது விருப்பம், இது எண்ணிக்கை.

எண்ணிக்கை என்றதும் இன்னொன்று. ஆம், இல்லை என்று இரண்டே நிலை கொண்ட ஃப்ளாகுகள் 10 இருந்தால் 1,024 வகையான பைனரிகள் பிறக்கலாம். 20 இருந்தால் 10,48,576. 33 இருந்தால் 858 கோடியைத் தாண்டும். உலகில் ஆளுக்கொன்று கொடுத்தாலும் மிஞ்சும். இவற்றுள் சோதித்துப் பார்க்கப்பட்டவை எத்தனை என்று எந்தக் குழுவைக் கேட்டாலும் பேச்சு மாறும். டீஃபால்ட் ஒன்று, எல்லாவற்றையும் சேர்த்தது ஒன்று, எல்லாவற்றையும் நீக்கியது ஒன்று: இவ்வளவு பார்த்திருந்தாலே பெரிய விஷயம். லினக்ஸ் கெர்னலில் இதற்கு ஆல்யெஸ்கன்ஃபிக், ஆல்நோகன்ஃபிக் என்று இரண்டு கட்டளைகள் வைத்ததோடு, மீதியைச் சீட்டுக்குலுக்கிப் பார்த்துக்கொள்ள ரேண்ட்கன்ஃபிக் என்று மூன்றாவதையும் வைத்திருக்கிறார்கள்.

பெயரியல்

ஆட்டோகான்ஃப் மரபில் வெளியிலிருந்து வரும் பேக்கேஜைக் கேட்க --வித், உள்ளேயே இருக்கும் ஓர் அம்சத்தைத் திறக்க --எனேபிள். மறுப்பதற்கு --விதவுட், --டிஸேபிள். இலக்கணம் அழகானது, வழக்கில் இரண்டும் கலந்துவிட்டன. எஃப்எஃப்எம்பெக்கில் வெளி லைப்ரரியைக் கேட்கவும் --எனேபிள்தான். அது ஆட்டோகான்ஃப் அன்று, கையால் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் என்பதால் அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. இது வழுவமைதி என்று கொள்க.

பெயரால் வந்த கேட்டுக்கு ஆர்பிஎம்மைப் பார்க்க வேண்டும். ஸ்பெக் ஃபைலில் ஒரு சார்பை விருப்பச் சார்பாக்க இரண்டு மேக்ரோக்கள்: பிகான்ட்_வித், பிகான்ட்_விதவுட். புதிதாக வந்தவர் என்ன நினைப்பார்? பிகான்ட்_வித் போட்டால் அது இயல்பாகச் சேரும், பிகான்ட்_விதவுட் போட்டால் இயல்பாகச் சேராது என்று நினைப்பார். நேர்மாறு. பிகான்ட்_வித் என்றால், --வித் என்று கமாண்ட் லைனில் சொல்லும் வாய்ப்பைத் தருகிறேன் என்று பொருள். சொன்னால்தான் சேரும் என்றால், இயல்பில் சேராது என்பதுதானே? பிகான்ட்_விதவுட் என்றால் --விதவுட் சொல்லும் வாய்ப்பைத் தருகிறேன் என்று பொருள். ஆகவே இயல்பில் சேரும். தர்க்கம் நூற்றுக்கு நூறு சரி. நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களுள் மயங்க வைத்தல் என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் இத்துறையில் கிடைப்பது அரிது. அனுபவசாலிகளே அந்த வரிக்கு மேலே “இது டீஃபால்டாக ஆஃப்” என்று ஒரு கமென்ட் எழுதிவைப்பார்கள். பின்னர் பிகான்ட் என்று மட்டும் ஒரு மேக்ரோ வந்தது. அதில் இயல்புநிலை 1 அல்லது 0 என்று நேரே எழுதிவிடலாம். பழைய இரண்டும் பழைய ஸ்பெக் ஃபைல்களில் இன்னும் நலமாக இருக்கின்றன.

மெய்ப்பொய்யியல்

ஆம் என்று சொல்ல எத்தனை வழி? சிமேக் 1, ஆன், யெஸ், ட்ரூ, ஒய் ஆகியவற்றையும் சுழி அல்லாத எந்த எண்ணையும் ஏற்கும். இல்லை என்பதற்கு 0, ஆஃப், நோ, ஃபால்ஸ், என், இக்னோர், நாட்ஃபவுண்ட், வெற்றுச் சொல் எல்லாம் ஆகும். தாராளம்தான், குழப்பமில்லை.

குழப்பம் கிரேடிலில். ஜாவா உலகில் ஒரு டேட்டாபேஸ் டிரைவரைச் சில பில்டுகளில் மட்டும் சேர்க்க விரும்பும் ஒருவர், பில்ட் ஃபைலில் “வித்மைஎஸ்க்யூஎல் என்னும் ப்ராப்பர்ட்டி இருந்தால் இந்த டிபென்டென்சியைச் சேர்” என்று ஹேஸ்ப்ராப்பர்ட்டி கொண்டு ஓர் இஃப் எழுதுகிறார். -பி வித்மைஎஸ்க்யூஎல் என்று கொடுத்தால் சேர்கிறது. கொடுக்காவிட்டால் சேரவில்லை. மகிழ்ச்சி. இரண்டு வாரம் கழித்து இன்னொருவர் வந்து, தெளிவாக இருக்கட்டுமே என்று -பி வித்மைஎஸ்க்யூஎல்=ஃபால்ஸ் என்று அடிக்கிறார். சேர்கிறது! ஏனெனில் ஹேஸ்ப்ராப்பர்ட்டி கேட்பது பெயர் இருக்கிறதா என்று மட்டுமே. மதிப்பை அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சரி, மதிப்பையே நேரடியாக இஃபுக்குள் வைப்போம் என்று திருத்தினால் அப்போதும் சேர்கிறது. கமாண்ட் லைனில் வருவதெல்லாம் ஸ்ட்ரிங். க்ரூவி மொழியில் வெற்றாக இல்லாத எந்த ஸ்ட்ரிங்கும் மெய். ஃபால்ஸ் என்பது ஐந்தெழுத்து கொண்ட ஒரு ஸ்ட்ரிங்; ஆகவே மெய். டூபூலியன் என்று ஒரு சொல்லைச் சேர்த்த பிறகுதான் பொய் பொய்யாகும்.

இது க்ரூவிக்கு மட்டும் உரிய குணமும் அன்று. கமாண்ட் லைனிலிருந்தும் என்விரான்மென்ட் வேரியபிளிலிருந்தும் மதிப்பை வாங்கும் எந்த பில்ட் ஸ்கிரிப்டிலும், ‘0’ என்று கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை அடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

செவியியல்

தவறாகச் சொன்ன ஃப்ளாகை பில்ட் கருவி எப்படிக் கேட்டுக்கொள்கிறது என்பது இவ்வியலின் பொருள். விரல் வழுக்கி ஓர் எழுத்து மாறியதாகக் கொள்க.

எஃப்எஃப்எம்பெக் உடனே நிற்கும்: தெரியாத ஆப்ஷன், ஹெல்பைப் பார். இது கண்டிப்பான செவி. ஆட்டோகான்ஃப், --வித் என்றோ --எனேபிள் என்றோ தொடங்கும் எதையும் பெருந்தன்மையாக ஏற்கும். தெரியாததாயின் ஒரு வார்னிங் முணுமுணுத்துவிட்டு நடக்கும். சோம்பலால் அன்று: மேல் அடைவில் கொடுத்த ஃப்ளாகுகள் எல்லாம் கீழுள்ள பல கன்ஃபிகர் ஸ்கிரிப்டுகளுக்கும் அப்படியே போகும், ஒன்றுக்குரியது மற்றொன்றுக்குத் தெரியாமல் இருப்பது இயல்பு. வேண்டுமானால் அதையும் எரராக்க ஓர் ஆப்ஷன் உண்டு. அதைப் போட்டவரைக் காண்பது அரிது. சிமேக், வேலையெல்லாம் முடிந்த பிறகு, நீங்கள் கொடுத்த இந்த வேரியபிளை ப்ராஜெக்ட் பயன்படுத்தவில்லை என்று கடைசியில் சொல்லும். அதற்குள் நீங்கள் மேக் என்று அடித்திருப்பீர்கள். பைத்தானின் பிப்பில் இல்லாத எக்ஸ்ட்ராவைச் சதுர அடைப்புக்குள் கேட்டால், அப்படி ஒன்று இதில் இல்லை என்று எச்சரித்துவிட்டு மற்றதை நிறுவிவிடும்.

ஃப்ளாக் கருவியின் காதுக்கே போய்ச் சேராத நேரமும் உண்டு. அதே பிப் கட்டளையை இசட்ஷெல்லில் மேற்கோள் குறியில்லாமல் அடித்தால், சதுர அடைப்பை ஃபைல் பெயர்த் தேடலாக எடுத்துக்கொண்டு ‘நோ மேட்சஸ் ஃபவுண்ட்’ என்று ஷெல்லே திருப்பி அனுப்பிவிடும். மேவனில் ஒரு ப்ரொஃபைலை அணைக்க அதன் பெயருக்கு முன் ஆச்சரியக்குறி போடலாம். பாஷ் அந்த ஆச்சரியக்குறியைத் தன் ஹிஸ்டரிக்குரியது என்று பிடித்துக்கொள்ளும். இவற்றைத் தூதுவன் வழு என்று வகுப்பாரும் உளர். அப்படி வகுத்தவன் இந்நூலாசிரியனே.

நினைவு பற்றி ஒரு சொல். ஆட்டோகான்ஃபில் அடுத்த முறை ./கன்ஃபிகர் அடித்தால் போன முறை சொன்னது மறந்துபோகும். சிமேக் மறக்காது. ஒருமுறை ஆஃப் என்றதைத் தன் கேஷ் ஃபைலில் எழுதிவைத்துக்கொள்ளும். அடுத்த முறை அந்த ஃப்ளாகே இல்லாமல் ஓட்டினாலும் ஆஃப்தான். டீஃபால்ட் மாறிவிட்டதே, ஏன் வேலை செய்யவில்லை என்று அரைநாள் தேடிவிட்டு பில்ட் ஃபோல்டரை அழித்து மறுபடி தொடங்குவது இத்தொழிலில் ஒரு சடங்கு. மேவனின் ‘ஆக்டிவ்பைடீஃபால்ட்’ ப்ரொஃபைலுக்கு வேறு குணம்: அதே பாம் ஃபைலில் வேறொரு ப்ரொஃபைல் எழுந்துவிட்டால் இது அணைந்துவிடும். இரண்டும் சேர்ந்து நிற்கும் என்று நம்பி டிபென்டென்சிகளைப் பிரித்து வைத்தவர் பாடு திண்டாட்டம்.

கூட்டியல்

இதுவரை சொன்னவை ஒருவர் கேட்பது. பலர் கேட்டால்?

ரஸ்ட் மொழியின் கார்கோவில் ஃபீச்சர்கள் கூட்டலுக்கு மட்டும் உரியவை. ஒரே லைப்ரரியை உங்கள் புரோகிராமும் அதன் சார்பு ஒன்றும் பயன்படுத்தினால், இருவர் கேட்ட ஃபீச்சர்களும் ஒன்றாகச் சேர்த்து ஒரே முறைதான் கம்பைல் ஆகும். நீங்கள் டீஃபால்ட் ஃபீச்சர்கள் வேண்டாம் என்று எழுதியிருக்கலாம். மரத்தில் எங்கோ ஒருவர் அவற்றை வைத்திருந்தால் அவை வந்தே தீரும். வேண்டும் என்பவன் ஒருவன் போதும். வேண்டா என்போர் எத்தனை பேரும் பயனில்லை. ஆகவே ஒன்றிருந்தால் மற்றது கூடாது என்னும் இரண்டு ஃபீச்சர்களை வைப்பது கார்கோவில் வழு. மீறி வைப்பவர்கள் இரண்டும் சேர்ந்து வந்தால் கம்பைல் எரர் காட்டும்படி ஒரு வரி எழுதித் தப்புவார்கள்.

ஹாஸ்கெல்லின் கபால் இன்னொரு துருவம். அங்கே ‘மேனுவல்’ என்று குறிக்காத ஃப்ளாகின் மதிப்பைச் சார்புகளைத் தீர்க்கும் சால்வரே மாற்றிக்கொள்ளலாம். முதலில் டீஃபால்டைப் போட்டுப் பார்க்கும்; பதிப்புகள் பொருந்தாவிட்டால் ஃப்ளாகைத் திருப்பிப் போட்டுப் பார்க்கும். கேட்பவர் கேட்காமலே ஃப்ளாக் தானாக அசையும் இவ்வகையை நூலாசிரியன் மரியாதையோடு தூரத்தில் நின்று பார்க்கிறான்.

சட்டத்தோடு கூடும் வகையும் ஒன்றுண்டு. எஃப்எஃப்எம்பெக்கில் எக்ஸ்264 வேண்டுமென்றால் அதை மட்டும் கேட்டால் போதாது. அது ஜிபிஎல் உரிமத்தில் இருப்பதால் --எனேபிள்-ஜிபிஎல் என்றும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நிற்கும். அதோடு எஃப்டிகே ஏஏசியையும் சேர்க்க --எனேபிள்-நான்ஃப்ரீ தேவை. அப்படிப் பிறந்த பைனரியை யாருக்கும் விநியோகிக்க முடியாது என்று கன்ஃபிகரே முடிவில் அச்சிட்டுவிடும். லைப்ரரி கிடைத்ததா என்று பார்க்கும் ஸ்கிரிப்டுகள் கணக்கற்றவை; கிடைத்ததைக் கொடுக்க உரிமை உண்டா என்று பார்ப்பது இதன் சிறப்பு.

வழுவியல்

வழுக்களுள் பெரியது 2024-இல் நடந்தது. ஓப்பன்எஸ்எஸ்ஹெச் தன்னளவில் சிஸ்டம்டியின் லைப்ரரியைச் சார்ந்ததன்று. நான் எழுந்துவிட்டேன் என்று சிஸ்டம்டிக்கு ஒரு வரி சொல்வதற்காக டெபியன், ஃபெடோரா போன்ற சில டிஸ்ட்ரிபியூஷன்கள் பேட்ச் போட்டு அந்த லைப்ரரியை இணைத்திருந்தன. அந்த லைப்ரரி கம்ப்ரஷனுக்காக லிப்எல்இசட்எம்ஏவை இழுத்து வந்தது. அழைத்தது மாப்பிள்ளையை, வந்து இறங்கியது ஒரு வேன். அந்த வேனில் ஒருவர் பையில்தான் பின்கதவுச் சாவி இருந்தது. லிப்எல்இசட்எம்ஏ அடங்கிய எக்ஸ்இசட் யூடில்ஸ் 5.6.0, 5.6.1 பதிப்புகளின் அந்தப் பின்கதவை, எஸ்எஸ்ஹெச் லாகின் ஏறக்குறைய அரை நொடி தாமதிப்பதைக் கவனித்துத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் 2024 மார்ச் 29 அன்று அம்பலப்படுத்தினார்.

எல்லோரும் அறிந்த கதை. வகைப்படுத்துவோர் கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு.

ஒன்று: அந்தப் பின்கதவே ஒரு நிபந்தனை பில்ட். கிட் ரெப்பாசிட்டரியில் இல்லாமல் ரிலீஸ் டார்பாலில் மட்டும் வைக்கப்பட்ட எம்4 ஸ்கிரிப்ட் வழியாக அது உள்ளே நுழைந்தது. எக்ஸ்86-64 லினக்ஸா, கம்பைலர் ஜிசிசியா, டெபியன் அல்லது ஆர்பிஎம் பேக்கேஜ் பில்டா என்றெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து, எல்லாம் பொருந்தினால் மட்டும் தன்னைச் சேர்த்துக்கொண்டது. சாதாரணமாக வீட்டில் பில்ட் செய்து பார்ப்பவர் கண்ணில் படாது. ‘வந்தாற் பார்ப்போம்’ என்பதன் இருண்ட வடிவம் இது: தனக்கேற்ற இடம் வந்தாற் பார்ப்போம்.

மற்றொன்று சிறியது, நூலாசிரியனுக்கு இதுவே பெரியது. லேண்ட்லாக் என்பது கெர்னல் தரும் பாதுகாப்பு வேலி. அது கிடைக்கிறதா என்று சோதிக்க, எக்ஸ்இசட்டின் சிமேக் ஃபைலில் ஒரு சிறு சி நிரலை எழுதி, கம்பைல் ஆனால் உண்டு, ஆகாவிட்டால் இல்லை என்று முடிவு செய்யும்படி வைத்திருந்தார்கள். அந்தச் சிறு நிரலின் நடுவே, ஒரு வரியில் தனியாக, ஒரே ஒரு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. அதனால் அது எந்த இயந்திரத்திலும் கம்பைல் ஆகாது. ஆகவே லேண்ட்லாக் எங்கும் ‘இல்லை’. எரர் கிடையாது, வார்னிங் கிடையாது. சிமேக் வழியாக பில்ட் செய்தவர்க்கு வேலி மட்டும் இல்லாமல் போனது. சோதனை தோற்றதா, லேண்ட்லாக் இல்லையா என்று பிரித்தறியாமல் இரண்டையும் ‘நோ’ என்ற ஒரே சொல்லால் குறித்ததுதான் அந்தப் புள்ளிக்கு இடம் கொடுத்தது. அங்கே ‘வேண்டும்’ என்று ஒருவர் தெளிவாகக் கேட்டிருந்தால், பில்ட் அந்த நிமிடமே நின்றிருக்கும்.

2024 ஜூலையில் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.8, சிஸ்டம்டிக்குச் சொல்ல வேண்டிய அந்த ஒரு வரியைத் தானே சொல்லக் கற்றுக்கொண்டது. லைப்ரரி வேண்டாமல் போயிற்று.

மாந்தரியல்

ஃப்ளாக் கொடுப்போரையும் வகுத்தல் மரபு. ஒன்றும் கொடுக்காதவர் முதல் வகை. அவருக்கு டீஃபால்டே தெய்வம். எல்லாவற்றையும் கொடுப்பவர் இரண்டாம் வகை; இவருள் ஜென்டூக்காரர் பலர், தமக்கு வேண்டியதை விட வேண்டாததையே நீளமாக எழுதுவர். மூன்றாம் வகையினர் எண்ணிக்கையில் அதிகம். இவர்கள் ஃப்ளாகைத் தேர்ந்தெடுத்ததில்லை; அது அவர்களுக்கு முன்னோர் வழி வந்தது. சிஐ ஃபைலில் நான்கு வரி நீளத்துக்கு நிற்கும் கட்டளையைப் பார்த்துப் புதிதாகச் சேர்ந்த பையன் கேட்கிறான்:

“அண்ணா, இந்த --விதவுட்-எக்ஸ் எதுக்கு?”

“அது இருக்கட்டும்டா. எடுத்தா என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது.”

“யார் போட்டது?”

“நான் சேர்றதுக்கு முன்னாடி.”

இந்த உரையாடல் நடக்காத அலுவலகம் இருப்பின் அதை விலக்காகக் கொள்க.

புறனடை

பேசல், நிக்ஸ் ஆகியவை இங்கே கூறப்படவில்லை. அவை தனி நூலுக்குரியன. கோ மொழியின் பில்ட் டேகுகள் ஃபைல்களைத் தேர்ந்தெடுக்குமே ஒழிய சார்புப் பட்டியலைச் சுருக்கா; கோ மாட் டைடி, ‘இக்னோர்’ ஒன்று நீங்கலாக எல்லா டேகும் கொடுக்கப்பட்டது போலவே பட்டியல் எழுதும். பிற கருவிகளுக்கும் இவ்விலக்கணம் ஏற்ற பெற்றி கொள்ளப்படும்.

எஃப்எஃப்எம்பெக் -வெர்ஷன் என்று அடித்தால், அது எந்தெந்த ஃப்ளாகுகளோடு பிறந்தது என்பதை ‘கன்ஃபிகரேஷன்’ என்ற ஒரே வரியில் முழுதாகச் சொல்லிவிடும். விம்மின் --வெர்ஷன், இருப்பதற்குக் கூட்டல் குறியும் இல்லாததற்குக் கழித்தல் குறியும் இட்டுப் பட்டியல் தரும். காப்பி பேஸ்ட் வேலை செய்யாத பலர் அங்கே போய்த்தான் கிளிப்போர்டுக்கு முன் கழித்தல் குறியைக் கண்டுகொண்டார்கள். கர்ல், கன்ஃபிகர் முடிந்ததும் எது சேர்ந்தது, எது விட்டுப்போயிற்று, எந்த ஃப்ளாக் கொடுத்தால் சேரும் என்று அட்டவணையே போடும். உங்கள் பில்டிலும் அப்படி ஒரு வரியை அச்சிட வையுங்கள். பிறகு, ஒன்றுமே நிறுவாத ஒரு கன்டெய்னரில் அதை ஒருமுறை ஓட்டி, எத்தனை ‘நோ’ வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.